சோறு இருக்கிறது, முட்டை இல்லை: தோட்டத்து ஊர்ப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் பிள்ளைகள் சத்துக் குறைவாக வளர்கிறார்கள் என்று சொன்னால், "இந்தக் காலத்தில் யார் வீட்டில் சோறு இல்லை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் சூழ்ந்த இந்தப் பேராக் ஊரில் மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்கிக் கிடக்கிறது. காலையில் ரொட்டி சானாய் கடையில் இடம் கிடைப்பதில்லை. பட்டினியால் யாரும் சாவதில்லை. இருந்தும் பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது பார்த்தால், பாலர் பள்ளிப் பிள்ளை அளவுக்குத்தான் சிலர் இருப்பார்கள்.

இது ஒரு ஊரின் கதையும் இல்லை, ஓர் இனத்தின் கதையும் இல்லை. சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2015இல் 17.7 விழுக்காடு. 2016இல் அது 20.7, 2019இல் 21.8, 2022இல் 21.2. ஐந்து பிள்ளைக்கு ஒரு பிள்ளை. இரட்டைக் கோபுரமும் மின்சார ரயிலும் உள்ள நாட்டில் இந்த எண் இறங்காமல் நிற்பதுதான் வியப்பு.

"நம்ம பரம்பரையே குள்ளம்தானே" என்பது அடுத்த பதில். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல் இதற்கு விடை சொல்லிவிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சாப்பாடும் சுத்தமான சூழலும் கிடைத்த பிள்ளைகளை அளந்துதான் அதை உருவாக்கினார்கள். முதல் ஐந்து வயதில் டில்லிப் பிள்ளையும் ஆஸ்லோப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். ஆகவே சின்ன வயதில் வளர்ச்சி நின்றால் பாட்டன் பூட்டனைக் குறை சொல்வதற்கு முன் தட்டைப் பார்க்க வேண்டும்.

தட்டில் என்ன இருக்கிறது?

காலையில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும், அல்லது கட்டிப்பால் ஊற்றிய மைலோ. பள்ளி இடைவேளையில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) வறுத்த மீகூன் என்கிற அரிசிச் சேமியா, கலர் தண்ணீர். மதியம் சோறு, ஒரு குழம்பு, அப்பளம். குழம்பில் சார்டின் இருந்தால் அது நல்ல நாள். சாயங்காலம் மெகி மீ. இரவு மறுபடி சோறும் அதே குழம்பும். சம்பளம் வந்த வாரம் கோழி வரும், மாதக் கடைசியில் ரசமும் உருளைக்கிழங்கும் நெத்திலியும் வரும்.

இதில் வயிறு நிறைகிறது. மாவுச்சத்து, சீனி, எண்ணெய் மூன்றும் தாராளமாக இருக்கின்றன. எலும்பும் தசையும் ரத்தமும் கட்டுகிற புரதம், இரும்புச்சத்து, துத்தநாகம், உயிர்ச்சத்து ஏ ஆகியவை தொட்டுக்கொள்கிற அளவுதான். மாட்டிறைச்சி நம் வீடுகளில் பெரும்பாலும் இல்லை. ஆட்டிறைச்சி தீபாவளிக்கும் கோயில் பூசைக்கும்தான். ஆகப் பிள்ளையின் வளர்ச்சி கோழி, மீன், முட்டை, பருப்பு, கீரை இவற்றை நம்பித்தான் இருக்கிறது. அவற்றின் அளவு குறைந்தால் ஈடுகட்ட வேறு ஒன்றும் கிடையாது.

அம்மாக்களுக்கு அறிவில்லை என்று பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைக்குள் போய் விலைப் பட்டியலைப் பாருங்கள், அந்தத் தட்டு ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சீனி ஒரு கிலோ 2 வெள்ளி 85 காசு. அந்த விலை ஏறாமல் இருக்க 2023 நவம்பரில் ஆலைகளுக்கு அரசு ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கியது. பொட்டலச் சமையல் எண்ணெய் ஒரு கிலோ 2 வெள்ளி 50 காசு, மீதியை அரசு கட்டுகிறது. உதவித்தொகை பெற்ற கோதுமை மாவு ஒரு கிலோ 1 வெள்ளி 35 காசு. உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளிக்கு மேல் விற்கக்கூடாது. இவை நான்கும் ஏழை வீட்டைக் காப்பாற்ற வந்த ஏற்பாடுகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நான்குமே வயிற்றை நிரப்புகிறவை.

புரதத்தின் பக்கம் வாருங்கள். கோழிக்கு கிலோ 9 வெள்ளி 40 காசு என்று இருந்த உச்சவரம்பும் உதவித்தொகையும் 2023 நவம்பர் 1ஆம் தேதி நீங்கின. முட்டைக்கு 2024 ஜூனில் விலையை 3 காசு குறைத்தார்கள், ஏ தர முட்டை 42 காசுக்கு வந்தது. பிறகு 2025 மே மாதம் உதவித்தொகையைப் பாதியாக்கி, ஆகஸ்ட் 1ஆம் தேதி அடியோடு நிறுத்தி, விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். மீனுக்கு முன்பும் சாதாரண நாளில் கட்டுப்பாடு கிடையாது, பண்டிகைக் காலத்தில் மட்டும்தான். பருப்பு இறக்குமதிச் சரக்கு.

கோழி, முட்டை உதவித்தொகையை நிறுத்தியதற்குப் பொருளாதாரக் காரணம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பணம் பணக்காரர் வீட்டுக்கும் பெரிய உணவகங்களுக்கும் சேர்ந்தேதான் போனது. அதை நிறுத்தி, தேவைப்படுகிறவர் கைக்கு நேரடியாகப் பணம் கொடுப்போம் என்பது வாதம். வாதம் சரி. அப்படியென்றால் சீனிக்கு மட்டும் ஏன் அந்த வாதம் பொருந்தவில்லை? 2019 ஜூலை முதல் சீனி கலந்த புட்டித் தண்ணீருக்கு வரி போடுகிறது இதே அரசு. ஒரு கையால் சீனிக்கு முட்டுக் கொடுத்து, மறுகையால் சீனித் தண்ணீருக்கு வரி. நடுவில் முட்டை தனியாக நிற்கிறது.

நம் வீடுகளுக்கு இன்னொரு இடியும் விழுந்தது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி ஏறக்குறைய 36 விழுக்காடு ஏறியது. எல்லாரும் 26 வெள்ளி மூட்டைக்கு ஓட, அது கடையில் காணாமல் போனது. பொன்னிச் சோறு சாப்பிட்டே பழகிய வீடுகளுக்கு விலை உச்சவரம்பால் எந்தப் பாதுகாப்பும் இல்லை, பொன்னி இறக்குமதி அரிசி. அடுத்த ஆண்டு இந்தியா தடையை நீக்கியது வேறு விஷயம். அரிசி விலை ஏறினால் வீட்டில் அரிசியை யாரும் குறைப்பதில்லை. மீனைத்தான் குறைக்கிறோம்.

சம்பளக் கணக்கு

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதற்கு முன் 2022 மே முதல் 1,500. தொழிலாளர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போகும். சொக்சோ காப்புறுதிச் சந்தாவும் பிடித்தால் கையில் வருவது 1,500 வெள்ளி சுற்றுவட்டாரம். இதில் வீட்டு வாடகை அல்லது தவணை, மோட்டார் தவணை, பெட்ரோல், தண்ணீர், கரண்டு, பள்ளி வேன். இவை எதுவும் ஒத்திவைக்கக்கூடியவை அல்ல, ஒத்திவைத்தால் ஆள் வீட்டுக்கு வருவான். ஒத்திவைக்கக்கூடிய ஒரே செலவு சாப்பாடுதான். அதிலும் கடைக்காரர் கணக்கு எழுதித் தருகிற சரக்கு அரிசி, மாவு, டின் பால், மெகி. மோட்டாரில் வரும் மீன்காரரும் காலைச் சந்தைக் கீரைக்காரரும் ரொக்கம்தான் கேட்பார்கள். கடனில் கிடைப்பதெல்லாம் கெட்டுப்போகாத சரக்கு, கெட்டுப்போகிற சரக்கில்தான் சத்து அதிகம். மாதக் கடைசி தட்டு வெளுத்துப்போவது இதனால்தான்.

இப்போது இன்னொரு சின்னக் கணக்கு. பழைய 42 காசு விலையிலேயே வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒரு முட்டை என்றால் மாதம் 12 வெள்ளி 60 காசு. மூன்று பிள்ளைக்கு 37 வெள்ளி 80 காசு. பெரிய தொகை இல்லை. ஆனால் 1,500 வெள்ளியில் எல்லாம் போனபின் மிஞ்சுகிற ஒன்றிரண்டு நூறு வெள்ளியில் அது பெரிய தொகைதான்.

முட்டையை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், ஆராய்ச்சி இருக்கிறது. எக்வடோரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்தார்கள். முட்டை சாப்பிடாத குழந்தைகளோடு ஒப்பிட்டால் வளர்ச்சிக் குறைவு 47 விழுக்காடு குறைந்திருந்தது, 2017இல் முடிவு வந்தது. அப்புறம் மலாவியில் அதையே செய்து பார்த்தபோது அப்படி ஒரு பலன் தெரியவில்லை. அங்கே குழந்தைகள் ஏற்கெனவே ஏரி மீன் நிறையச் சாப்பிட்டு வந்தார்கள். ஆகவே முட்டை மந்திரம் இல்லை. மீனும் பாலும் எட்டாத வீட்டில் முட்டை பேசும், எட்டுகிற வீட்டில் அவ்வளவாகப் பேசாது. தோட்டத்து ஊரில் மாதக் கடைசி வாரம் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

பழைய தோட்டமும் புதிய தாமானும்

அந்தக் காலத்தில் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாழ்க்கை சத்தானது என்று சிலர் ஏக்கத்தோடு சொல்வார்கள். பாதி உண்மை. லயத்துக்குப் பின்னால் கீரைப் பாத்தி, முருங்கை மரம், நாலு கோழி, சிலரிடம் மாடு, ஆடு. தோட்டத்து நிலத்தில் மேய்ச்சல். பாலும் முட்டையும் காசு கொடுக்காமல் கிடைத்த வீடுகள் இருந்தன. தாய்மார் பால்மரம் சீவப் போகும்போது குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனார்கள். தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்திலேயே உண்டு.

மறுபாதி, அந்தக் காலத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழுவும் மலேரியாவும் ரத்தசோகையும் இருந்தன. சம்பளத்தில் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குப் போனது. ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்கைப் பற்றி இன்னமும் பாட்டிமார் சொல்வார்கள். அதை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

மாறியது என்னவென்றால் நிலம். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தரும் அன்றைய அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார். அது காப்பாற்றியது கொஞ்சம், போனது நிறைய. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். நம் குடும்பங்கள் ஊர் ஓரத்துத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் நகர்ந்தன. ஆணும் பெண்ணும் தொழிற்சாலைக்கும் பேரங்காடிக்கும் காவல் வேலைக்கும் போகிறார்கள்.

சிமெண்டு போட்ட முற்றத்தில் முருங்கை வராது. மாடு வைத்தால் நகராண்மைக் கழகம் வரும். ஆயாக்கொட்டகைக்குப் பதில் பக்கத்து வீட்டுப் பாட்டி, அல்லது மாதக் காசு வாங்கும் பராமரிப்பு வீடு. அங்கே பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று கேட்டால் "கஞ்சி" என்பார்கள், பெரும்பாலும் வெறும் கஞ்சிதான். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான காலம் பிள்ளையின் உயரத்துக்கு மிக முக்கியம். அந்த வயதில் சட்டியில் கொஞ்சம் நெத்திலித் தூள், அரை முட்டை, ஒரு கைப்பிடி கீரை விழுந்ததா இல்லையா என்பதைத் தாய் அல்ல, வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். இந்த மாற்றத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

கட்டிப்பாலையும் தேத்தண்ணியையும் பற்றி ஒரு வார்த்தை. டின்னில் வருகிற இனிப்புப் பால் இன்று பெரும்பாலும் சீனியும் செம்பனைக் கொழுப்பும் கொஞ்சம் பாலும் சேர்ந்தது. குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று டின்னிலேயே எழுதியிருக்கும், எழுத்துத்தான் சின்னது. தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சரியாக ஏறாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பாதகமில்லை. சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ ஒரு துண்டு கொய்யாவோ இருந்தால் அந்த இரும்புச்சத்து கூடுதலாக ஏறும். இது காசு செலவில்லாத மாற்றம், அதனால்தான் சொல்கிறேன்.

சின்ன வயதில் சத்தில்லாமல் வளர்ந்த உடம்பு, பிறகு சீனியும் மாவும் தாராளமாகக் கிடைக்கும்போது நீரிழிவுக்கு எளிதில் இடம் கொடுக்கிறது. 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியர்களிடம் 31.4 விழுக்காடு. மெலிந்த பிள்ளையும் பருத்த தாயும் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இருவரும் ஒரே சட்டியில்தான் சாப்பிடுகிறார்கள்.

உதவி எந்த வாசல் வழியாக வருகிறது

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். மூன்று வாசல்கள் இருக்கின்றன: கிளினிக், பள்ளி, அடையாள அட்டை.

கிளினிக் வாசல் 1989இல் திறந்தது. ஏழைக் குடும்பத்தில் ஐந்து, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை எடை குறைவாக இருந்தால் மாதா மாதம் ஓர் உணவுக்கூடை: அரிசி, மாவு, பால்மாவு, நெத்திலி, பச்சைப்பயறு, எண்ணெய், பிஸ்கட் போன்றவை. நல்ல திட்டம். ஆனால் எடை குறைந்தபின்தான் கூடை வருகிறது. சீனிப் பாலில் எடை சரியாக இருந்து உயரம் மட்டும் நின்றுபோன பிள்ளை அந்தக் கண்ணுக்குத் தப்பிவிடும். கூடை வீட்டுக்கு வந்தபின் ஐந்து பேர் சாப்பிடுவார்கள், ஒரு பிள்ளைக்கென்று யாரும் தனியாக உலை வைப்பதில்லை. தடுப்பூசி முடிந்தபின் பிள்ளையைக் கிளினிக்குக் கூட்டிப்போகிற பழக்கமும் குறைந்துவிடுகிறது. ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம்.

பள்ளி வாசல் இன்னும் பழையது. கூடுதல் உணவுத் திட்டம், எல்லாரும் சொல்வது ஆர்.எம்.டி., 1976இல் சில மாவட்டங்களில் தொடங்கி 1979இல் நாடு முழுவதும் வந்தது. 1983 முதல் பள்ளிப் பாலும் சேர்ந்தது. தீபகற்பத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 2 வெள்ளி 50 காசாகக் கிடந்த தொகையை 2022 வரவு செலவுத் திட்டம் 3 வெள்ளி 50 காசாக்கியது, சபா, சரவாக், லாபுவானில் 4 வெள்ளி. நம் தமிழ்ப்பள்ளிகளில் இதை நம்பித்தான் பல பிள்ளைகளின் காலை ஓடுகிறது.

இதில் ஒரு சிக்கல், பெரிய பள்ளியில் தெரியாது. 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை 150க்கும் குறைவான பிள்ளைகள் உள்ளவை. தோட்டத்துப் பள்ளி ஒன்றில் ஆர்.எம்.டி. பிள்ளைகள் 30 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேண்டீன்காரருக்கு நாளுக்கு 105 வெள்ளி. அதில் சரக்கு, எரிவாயு, ஒரு உதவியாள், ஊரிலிருந்து தோட்டத்துக்குப் பெட்ரோல். அமைச்சின் உணவுப் பட்டியலில் கோழி, மீன், முட்டை, பழம் எல்லாம் இருக்கிறது. கோழி விலை ஏறிய நாளில் துண்டு சின்னதாகும், பழம் தர்பூசணி ஆகும், தர்பூசணி மெல்லியதாகும். கேண்டீன் நடத்துகிற அக்காவைத் திட்டிப் பயனில்லை. பிள்ளைத் தலைக்கு ஒரே தொகை என்பது பெரிய பள்ளிக்குக் கட்டுப்படியாகும், சின்னப் பள்ளிக்கு ஆகாது. சின்னப் பள்ளிகளுக்கு ஓர் அடிப்படைத் தொகையும் அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்றும் கொடுப்பது கடினமான காரியமல்ல.

இன்னொன்று, ஆர்.எம்.டி. தொடக்கப்பள்ளிக்கு மட்டும். ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நின்றுவிடும். உடம்பு இரண்டாம் முறையாக வேகமாக வளர்கிற வயது அதுதான். பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்கி இரும்புச்சத்துத் தேவை கூடுகிற வயதும் அதுதான். பள்ளி நடப்பதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 190 நாள். மீதி நாட்களில் திட்டம் தூங்குகிறது.

மூன்றாவது வாசல் சாரா உதவி. பணம் அடையாள அட்டையில் ஏறும், பதிவு பெற்ற கடையில் அட்டையைச் செருகிக் குறிப்பிட்ட வகைப் பொருட்களை வாங்கலாம். மைகாசே அறவாரியத்தின் முறையில் நடக்கிறது. 2025இல் பெறுவோர் 7 லட்சத்திலிருந்து 54 லட்சமானார்கள், பல குடும்பங்களுக்கு மாதம் 100 வெள்ளி, அரசின் ஏழைக் குடும்பப் பதிவேடான இ-காசே பட்டியலில் உள்ளவர்களுக்கு அதற்கும் கூடுதல். முட்டையும் அந்தப் பொருட்களில் உண்டு என்பது நல்ல செய்தி, மேலே போட்ட கணக்கில் மூன்று பிள்ளைகளின் முட்டை அதில் அடங்கிவிடும். ஆனால் காலைச் சந்தைக் கீரைக்கும் மோட்டார் மீனுக்கும் அந்த அட்டை செல்லாது. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் தாமான் கடைக்காரர் பதிவு செய்யாமல் இருந்தால் அங்கேயும் செல்லாது. பிறப்புப் பத்திரமோ குடியுரிமைக்கான நீல அடையாள அட்டையோ இல்லாதவர்களுக்கு எங்கேயுமே செல்லாது. தோட்டப்புறத்தில் அப்படிப்பட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

பட்டியலா, எல்லாருக்குமா?

இந்த வாசல்கள் எல்லாவற்றிலும் ஒரு காவல்காரர் நிற்கிறார், அவர் பெயர் வறுமைக் கோடு. 2019 வரை ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்று கோடு இருந்தது, அந்தக் கணக்கில் நாட்டில் வறுமை 0.4 விழுக்காடு. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் அந்த எண்ணை நம்ப முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசு முதலில் முறைத்தது. அப்புறம் கணக்கிடும் முறை மாறி கோடு 2,208 வெள்ளி ஆனது, வறுமை 5.6 விழுக்காடு என்று வந்தது. 2022இல் கோடு 2,589 வெள்ளி, வறுமை 6.2 விழுக்காடு.

இந்தக் கோட்டை நம் ஊர் வீட்டில் வைத்துப் பாருங்கள். குடும்ப அளவுக்கேற்பக் கோடு மாறும், இது சராசரி. தகப்பன் மட்டும் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருந்தால் கோட்டுக்குக் கீழே. தாயும் தொழிற்சாலைக்குப் போனால் 3,400 வெள்ளி, கோட்டுக்கு மேலே. அந்த வீட்டில்தான் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் காசு கொடுத்து விடுகிறார்கள், பள்ளி வேன், வெளிச்சாப்பாடு எல்லாம் கூடுகிறது. தட்டு அப்படியேதான் இருக்கிறது, உதவி மட்டும் போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு வேறு விடை கண்டார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் வருமானச் சான்று கேட்கவில்லை, பள்ளிக்கு வந்தால் சாப்பாடு. 2010 முதல் வாரம் ஐந்து முட்டை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அப்படித்தான், அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. இங்கும் ஒரு முறை அந்தப் பேச்சு வந்தது. 2020 முதல் எல்லாத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசக் காலை உணவு என்று அன்றைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக் அறிவித்தார். 2020 ஜனவரித் தொடக்கத்தில் அவர் பதவி விலகினார், திட்டம் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. பணக்காரப் பிள்ளைக்கு ஏன் சோறு என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. எனக்கு அந்தக் கேள்வி நாட்டுக்கு வேண்டுமானால் பொருந்தும், தோட்டத்து ஊர்த் தமிழ்ப்பள்ளிக்குப் பொருந்தாது என்றே படுகிறது. அங்கே பணக்காரப் பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டும். நூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் 60 பேரை அழைத்து 40 பேரை வெளியே நிறுத்துவதற்கு ஆகிற பாரம், படிவம், தலைகுனிவு இவற்றைக் கணக்குப் பார்த்தால், அந்த 40 பேருக்கும் போட்டுவிடுவதே லாபம்.

நாடு முழுவதும் அது எப்போது வரும் என்பது புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசின் கையில். ஊருக்குள்ளேயே கையில் இருப்பவை சில உண்டு, அவற்றில் எனக்குப் பிடித்தது கோயில் சமையற்கட்டு. இவ்வளவு பெரிய அண்டாவும் அடுப்பும் ஆட்களும் வேறு எந்த அமைப்பிடமும் இல்லை. வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் சோறு, சாம்பார், அப்பளம், பாயசம் என்று போடுவதில், பாயசத்துக்குப் பதில் கடலைச் சுண்டலும், பொரியலில் தெம்பேயும் (புளிக்கவைத்த சோயா) கீரையும் சேர்த்தால் சைவத்துக்கும் குந்தகமில்லை, புரதமும் சேரும். தெம்பே மலிவு, சந்தையில் எல்லா நாளும் கிடைக்கும், நம் சமையலில் ஏனோ இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறது. பள்ளி விடுமுறையில் வாரம் இரண்டு மூன்று நாள் பிள்ளைகளுக்கென்று காலையில் அடுப்பு மூட்டினால், ஆர்.எம்.டி. தூங்குகிற நாட்களில் ஒரு பகுதியாவது ஈடாகும். அதற்கு உபயதாரர் கிடைக்க மாட்டாரா? திருவிழாவுக்குக் கிடைக்கிறாரே.

பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஒன்று செய்யலாம். ஆர்.எம்.டி. வாராந்திர உணவுப் பட்டியலைப் பள்ளி வாசலில் ஒட்டச் சொல்லலாம், ஜனவரியிலும் ஜூனிலும் பிள்ளைகளின் உயரத்தை அளந்து எழுதி வைக்கலாம். ஒரு பிள்ளையின் உயரம் நகரவில்லை என்றால் கிளினிக் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) அந்தத் தாளையே எடுத்துப் போகலாம். இ-காசே பட்டியலில் பெயர் இல்லாத குடும்பம் மாவட்ட அலுவலகத்தில் எந்த நாளும் மனுச் செய்யலாம். வேலை போனாலோ, கணவர் இறந்தாலோ, பிரிந்தாலோ நிலைமை மாறியதைச் சொல்லித் திரும்பவும் மனுச் செய்யலாம். பட்டியலில் ஒரு முறை இல்லை என்றால் எப்போதும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பலர் திரும்பிப் போவதே இல்லை. படிவம் மலாய் மொழியில் இருக்கும், நிரப்ப ஆள் வேண்டும். தமிழ் இளைஞர் மன்றங்களுக்குச் சனிக்கிழமை காலையில் இதைவிடப் பயனுள்ள வேலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.